செயலற்ற உணரிகளோடு நான் பார்த்த உத்தியோகம்

போன மாதம் என் பழைய கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசி எடுத்தாள். புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்களுக்கு ஒரு கைநூல் தயாராகிறதாம். ஓய்வுபெற்றவர்களிடமும் கட்டுரை கேட்கிறார்களாம்.

"அக்கா, புதுப் பிள்ளையளுக்கு உற்சாகம் வாற மாதிரி எழுதித் தாங்கோ."

"உற்சாகமா எழுதட்டோ, நடந்ததை எழுதட்டோ?"

"ரெண்டும் சேர்ந்து வராதோ அக்கா?"

வருமா என்று எழுதிப் பார்த்தேன். அனுப்பினேன். கைநூலில் பக்கம் போதாது என்று பதில் வந்தது. பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தி, மேலதிகப் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தி, இருவருடைய படங்கள் எல்லாம் போன பிறகு பக்கம் போதாமல் போவது இயல்புதான். ஆகவே அந்தக் கட்டுரை இங்கே வருகிறது.

எங்கள் கந்தோரின் வேலை, யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சிறு தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் நல்ல காற்றைச் சுவாசிக்கிறார்களா என்று பார்ப்பது. பெயின்ற் கடைகளின் பின்னறை, வெங்காயத்துக்கு அடிக்கும் மருந்து வைத்திருக்கும் களஞ்சியம், பற்றரி திருத்துமிடம், கரையோரத்து ஐஸ் கொம்பனிகள் என்று என் ஸ்கூட்டி போகாத இடமில்லை. ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து கள உத்தியோகத்தராக ஓய்வுபெற்றேன். இடையில் கிடைத்த பதவி உயர்வுகளை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கிடைத்தது ஒன்றுதான், அதை இப்போதே சொல்லிவிட்டேன்.

முன்பெல்லாம் ஆவியைப் பிடிக்க எங்களிடம் இருந்தவை கண்ணாடிக் குழாய்களும் ஒரு கைப்பம்பும். குழாயின் முனையை உடைத்து, பம்பால் காற்றை இழுத்து, உள்ளே இருக்கும் தூள் நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் முடிந்தால் கொழும்புக்கு எழுத வேண்டும். கொழும்பு பதில் எழுதும்வரை குடாநாட்டில் நச்சு ஆவி எதுவும் கிடையாது.

பிறகு ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் புதிய உணரிகள் வந்தன. பயிற்சி கொழும்பில். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆங்கிலத்தில் சொன்னார். அதைச் சிங்களத்தில் சொன்னார்கள். தமிழில் சொல்ல வேண்டியவரின் முறை வரும்போதெல்லாம் தேநீர் வந்தது. இருந்தாலும் பொருள் நல்ல பொருள். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

தீப்பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தின் அளவில் ஒரு துண்டு. பற்றரி இல்லை, வயர் இல்லை. உள்ளே மெல்லிய செப்புக் கோடுகள், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. கையில் பிடிக்கும் வாசிப்புக் கருவி ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினால், கருவி அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு துண்டு பதில் அனுப்பும். காற்றில் அம்மோனியா இருந்தால் அது பூச்சில் ஏறும். பதிலின் சுருதி மாறும். எவ்வளவு மாறியது என்பதைக் கருவி இலக்கமாகக் காட்டும். நடுவில் கண்ணாடியோ மரக்கதவோ இருந்தாலும் பாதகமில்லை, சில முழத் தூரத்திலிருந்து கேட்கலாம். கேட்காவிட்டால் மட்டும் சொல்லாது.

கந்தோருக்குத் திரும்பியதும் அதற்குத் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டி வந்தது. ஆங்கிலத்தில் "பசிவ்" என்பார்கள். தனக்கென்று மின்சக்தி இல்லாதது என்பது கருத்து. எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவு அகராதியைப் புரட்டி "செயலற்ற" என்று போட்டது. "செயலற்ற கம்பியில்லா இரசாயன ஆவி உணரிகள் அறிமுக வைபவம்" என்று கந்தோர் வாசலில் பதாகை கட்டினோம். செயலற்றுப் போனதுக்கு ஏன் விழா எடுக்கிறாங்கள் என்று பஸ்ஸில் போன சனம் கேட்டது. எங்கள் பிரதிப் பணிப்பாளர் தவராசா சேருக்கு மட்டும் அந்தச் சொல் மிகவும் பிடித்துக்கொண்டது.

"அழகான சொல், மிஸ். எங்கடை கந்தோருக்குப் பொருத்தமா இருக்கு."

அவர் பகிடியாகச் சொல்லவில்லை. அவர் பகிடி விடுகிறவர் அல்ல.

தவராசா சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல மனுசர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கும் எதையும் மறுத்ததில்லை, எதற்கும் சம்மதித்ததும் இல்லை. ஒரு கோப்பைக் கொண்டுபோய் வைத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவார். முதற் பக்கத்தை வாசிப்பார். பேனையின் மூடியைத் திறப்பார். அந்த இடத்தில் எங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும். பிறகு மூடியைத் திரும்பப் போட்டு, "பாப்பம்" என்பார். ஓ டி கொலோன் தெளித்த லேஞ்சி ஒன்றை எந்நேரமும் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். களத்துக்கு வந்தால் வாகனத்தை விட்டு இறங்குமுன் அது மூக்குக்குப் போய்விடும்.

அறிமுக வைபவத்தில் செய்து காட்டும் பொறுப்பு எனக்கு. மேசையில் தண்ணீர், பெயின்ற் தின்னர், அம்மோனியாக் கரைசல் என்று போத்தல்களை மூடி வைத்திருந்தேன். முன்வரிசையில் பெரியவர்கள். சேர் உரையாற்றிவிட்டு, உணரியைச் சுட்டிக்காட்ட லேஞ்சியோடு மேசைப்பக்கம் குனிந்தார். நான் ஒரு போத்தலையும் இன்னும் தொடவில்லை. கருவி வீரிட்டுக் கத்தியது. கொலோனில் இருப்பது மதுசாரம், தின்னருக்காக வைத்த உணரிக்கு அதுவும் ஓர் ஆவிதான். சபை அதையே செய்முறை என்று எண்ணிக் கைதட்டியது. சேரும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மிஸ், உதைக் கொஞ்சம் திருத்தேலாதோ? உத்தியோகத்தர்மாரையும் பிடிக்குதே."

திருத்த முடியாது என்றேன். பாப்பம் என்றார். அன்றிலிருந்து வாசிப்புக் கருவி அவருடைய அறை அலுமாரிக்குப் போனது. துலைந்துவிடக் கூடாதாம். அலுமாரியின் திறப்பு அவரிடம். அவர் லீவில் நின்றால் குடாநாட்டு உணரிகளுக்கும் லீவு.

ஆனாலும் நான் வேலையைப் பழகிக்கொண்டேன். முறை இதுதான். ஓர் இடத்தில் தனி உணரி ஒன்றை ஒட்டக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் மூன்று ஒட்ட வேண்டும். ஒன்று அம்மோனியாவுக்கு. ஒன்று ஈரப்பதத்துக்கு, ஏனென்றால் எங்கள் கரையோரத்துக் காற்றில் ஈரமே பாதி வேடிக்கை காட்டும். மூன்றாவது காற்றுப் புகாமல் மூடி ஒட்டியது. அது மாறவே கூடாது. அது மாறினால் கருவியில் அல்லது வாசிக்கிறவர் நிற்கும் நிலையில் பிழை. முதலில் மூடியதை வாசிக்க வேண்டும், பிறகு ஈரம், கடைசியில் அம்மோனியா. இரும்புக் குழாயில் நேரே ஒட்டினால் உணரி ஊமையாகிவிடும், இடையில் பாரமற்ற வெள்ளை ரெஜிபோம் துண்டு ஒன்று வைக்க வேண்டும். கையில் கிறீம், முகத்தில் பவுடர், தலையில் பூ எதுவும் கூடாது. அந்த வேலையில் இருந்த காலமெல்லாம் கலியாண வீட்டுக்குப் போகிற நாளில்தான் நான் பெண்பிள்ளை மாதிரி மணந்தேன்.

இனி அந்த ஐஸ் கொம்பனி.

கரையோரத்தில் ஒரு பழைய ஐஸ் ஆலை. வள்ளங்களுக்குக் கட்டி ஐஸ் போடுகிறது. ஐஸ் ஆலைக்குக் குளிர் கொடுப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை மிக நல்லது. வெளியே வந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும், கூடினால் ஆளைக் கொல்லும். ஆலையை ஒட்டி நண்டு உடைக்கும் அறை ஒன்று கட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக்கு நண்டுச் சதை ஏற்றுமதி. சுற்றுவட்டத்துப் பெண்கள் முப்பது பேர்வரை நீட்டு மேசைகளில் இருந்து நண்டு உடைப்பார்கள். யன்னல்கள் எல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. ஈ வரக் கூடாதாம். கதவு ஒன்றே ஒன்று. பின்சுவரோரமாக, குளிரறைக்குப் போகும் அம்மோனியாக் குழாய் ஓடியது. வாங்குகிறவர்கள் பார்க்க வருவார்கள் என்று அதை வெள்ளைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். குழாய் தெரியாவிட்டால் குழாய் இல்லை என்பது மனேச்சரின் எண்ணம்.

நான் அந்தப் பலகையில் மூன்று உணரிகள் ஒட்டியிருந்தேன். அம்மோனியா இலக்கம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் அளவுக்கு மேலே போனதும் கந்தோருக்கு அறிவித்தேன். ஆச்சரியமாக, சேர் ஆலையை அரைநாள் நிறுத்திப் பார்க்கச் சம்மதித்தார். அன்று மேலிடத்திலிருந்து ஒருவர் வந்திருந்ததுதான் காரணம். இயந்திர அறையை முழுக்கத் தேடினார்கள். கசிவு இல்லை.

"பலகையைக் கழட்டிப் பாருங்கோ," என்றேன்.

"போன மாதம் அடிச்சது மிஸ், பெயின்ற்கூட வடிவாக் காயேல்லை," என்றார் மனேச்சர்.

சேர் பேனையைத் திறந்தார், மூடினார். பலகை கழன்று வரவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. விளக்கத்தில் பிழை சொல்ல முடியாது. அம்மோனியாவுக்குப் பூசிய பூச்சு அம்மோனியாவின் ஒன்றுவிட்ட சகோதரங்களையும் பிடிக்கும். பழுதாகும் மீனிலும் நண்டிலுமிருந்து வரும் நாற்றம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே நண்டறையில் இலக்கம் ஏறுவது நண்டால். கோப்பு மூடப்பட்டது. மனேச்சர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்: "மிஸ்ஸின்ரை மெஷின் நண்டைக் கண்டுபிடிச்சிருக்கு." கந்தோரில் எனக்கு "நண்டு மிஸ்" என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்புப் பிரிவின் உதவி தேவைப்படவில்லை.

ஆலையின் இயந்திரங்களைப் பார்த்தவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. இளவயதில் அங்கே சேர்ந்து தலை நரைத்தவர். அவருடைய மூக்குக்கு அந்தப் பக்கத்தில் ஒரு மரியாதை. துளி கசிந்தாலும் பிடித்துவிடுவார் என்பார்கள். நான் உணரி ஒட்டும்போது சிரித்துக்கொண்டு நிற்பார்.

"என்ரை மூக்கு இருக்கேக்குள்ளை உந்த ஸ்ரிக்கர் என்னத்துக்கு, தங்கச்சி?"

கனகாலம் அம்மோனியாவோடு இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும் என்று பயிற்சியில் படித்திருந்தேன். ஒருநாள் அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பக்குவம் போதவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

நண்டறையில் ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய், சத்தமான ஆள். கோப்பு மூடிய பிறகும் நான் மாதாந்த வாசிப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் என்னை மறித்தாள்.

"மிஸ், கண் எரியிது எண்டு சொன்னா மனேச்சர் நண்டு மணம் எண்டுறார். நாங்கள் பிறந்ததிலை இருந்து நண்டுக்குள்ளைதான் கிடக்கிறம். நண்டுக்கு எந்த நாளிலை கண் எரிஞ்சது?"

"எல்லா நாளும் எரியிதோ?"

"திங்கக்கிழமை காலமை கதவு திறக்கேக்கைதான் கூட. போன திங்கள் ரெண்டு பெட்டையள் ஓங்காளிச்சுச் சத்தி எடுத்திட்டாளவை."

அந்தத் திங்கட்கிழமை என் தலைக்குள் கிடந்து உருண்டது. அந்தக் கரை முழுக்கக் கத்தோலிக்கச் சனம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனி பின்னேரம் நண்டு முடிந்து, மேசைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கதவைப் பூட்டிவிட்டுப் போவார்கள். நண்டுதான் காரணம் என்றால் ஞாயிறு இலக்கம் விழ வேண்டும். நண்டு இல்லாமல் நண்டு நாறாது.

அன்று வாசிப்புக் கருவியை நான் அலுமாரிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. சனி மத்தியானம் நண்டு மலைபோலக் குவிந்து கிடக்க ஒரு வாசிப்பு எடுத்தேன். ஞாயிறு பூசை முடிந்து சனம் கோயிலை விட்டு வரும் நேரம் திரும்பப் போனேன். காவற்காரர் படலையைத் திறந்துவிட்டார். நண்டறைக்கு வெளியே, பலகைக்குக் கிட்டிய யன்னலுக்கு நேரே நின்று கருவியை நீட்டினேன். உள்ளே மேசைகள் வெறுமையாகப் பளபளத்தன. மூடிய உணரி அசையவில்லை. ஈரத்தில் பெரிய மாற்றமில்லை. அம்மோனியா இலக்கம் சனிக்கிழமையைவிட மேலே நின்றது, அதுவும் நன்றாக மேலே. கை அசைந்து வாசிப்புப் பிழைத்திருக்கலாம் என்று நிலத்தில் குந்தியிருந்து, முழங்காலில் கருவியை ஊன்றித் திரும்ப வாசித்தேன். அதேதான்.

சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"மிஸ், தாலிகட்டுற நேரம்."

"சேர், நண்டறையிலை கசிவு இருக்கு. பலகைக்குப் பின்னாலை. நாளைக்குக் காலமை பொம்பிளையள் உள்ளுக்கை போகப்போகினம்."

"கொழும்பு நண்டு எண்டெல்லோ சொன்னது?"

"இண்டைக்கு நண்டு இல்லை சேர்."

கெட்டிமேளம் கொட்டியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"எழுத்திலை தாங்கோ மிஸ். பாப்பம்."

மனேச்சருக்கும் எடுத்தேன். சீசன் நேரத்தில் ஆலையை நிறுத்த முடியாது, சேர் சொன்னால் பார்க்கலாம் என்றார். சேர் சொல்ல மாட்டார் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

திங்கள் காலை நான் கந்தோருக்குப் போகவில்லை. பெண்கள் வருமுன் நண்டறை வாசலில் போய் நின்றேன். ஜெசிந்தாவும் மற்றவர்களும் வாளிகளோடு வந்தார்கள். உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப மூடப்போறியளோ மிஸ்?"

"எனக்கு மூடுற அதிகாரம் இல்லை."

"ஆருக்கு இருக்கு?"

"சேருக்கு."

"அவர் எங்கை?"

"வருவார். உள்ளுக்கை போறதும் போகாததும் உங்கடை முடிவு. நானெண்டால் போகமாட்டன்."

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இருந்தாள். ஒவ்வொரு வாளியாகக் கவிழ்ந்தது. நண்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. வெயில் ஏறியது. மனேச்சர் வந்து கத்தினார், வேலையால் நிறுத்துவேன் என்றார். பிறகு, பிள்ளையள், எனக்காக ஒருக்கால் போங்கோ என்று கெஞ்சினார். ஒருத்தியும் எழும்பவில்லை. என் இலக்கம் பிழையென்றால் இவ்வளவு நண்டும் நாறும், இந்தப் பெண்களுக்கு அடுப்பு எரியாது, "நண்டு மிஸ்" என்ற பெயர் சாகும்வரை போகாது.

சேர் வந்தார், லேஞ்சி முன்னே வந்தது. மனேச்சர் ஓடிப்போய் வாகனக் கதவைத் திறந்தார்.

"சேர், நீங்கள் ஒருக்கா உள்ளுக்கை போய் நிண்டு காட்டுங்கோ. அப்பதான் உவளவை நம்புவாளவை."

சேர் அறையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், லேஞ்சியை மடித்தார்.

"மிஸ், நீங்கள் போய்ப் பாருங்கோ."

நான் வாயைத் திறக்குமுன் அந்தோனிப்பிள்ளை அண்ணை முன்னுக்கு வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. தன் மூக்கை ஊர் முன்னால் விசாரிக்கிறார்கள் என்று அவருக்கு அவமானம்.

"ஒருத்தரும் போகத் தேவையில்லை. நான் கந்தகக்குச்சி பிடிச்சுக் காட்டிறன். முடிஞ்சுது கதை."

கந்தகக்குச்சி ஐஸ் ஆலைக்காரர்களின் பழைய சோதனை. கந்தகம் தடவிய குச்சியைக் கொளுத்திக் குழாயோரம் பிடித்தால், கசிவு உள்ள இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும். எங்கள் உணரிபோல அதற்கும் நண்டு யார், அம்மோனியா யார் என்று கேள்வி வரும், ஆனால் அன்று அறையில் நண்டே இல்லை.

"அண்ணை, முதல்லை குழாயின்ரை வால்வைப் பூட்டிப்போட்டுப் போங்கோ," என்றேன்.

"பூட்டினா குளிரறை இளகிப்போம்!" என்றார் மனேச்சர். அண்ணை என் பக்கம் திரும்பவேயில்லை. வாயில் ஈரத் துவாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பலகையை நெம்பிக் கழற்றினார். குச்சியைக் கொளுத்திப் பிடித்தார்.

கண்ணாடியூடாக எல்லோரும் பார்த்தோம். பால் பொங்குவதுபோல வெள்ளைப் புகை குழாயின் ஒரு மூட்டிலிருந்து எழும்பியது. அண்ணை துவாயை இறக்கி மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். ஒருமுறை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன். அவருக்கு ஒன்றும் மணக்கவில்லை.

அவர் அப்போதே வெளியே வந்திருக்கலாம். ஆணி இறுக்கும் சாவியைப் போட்டு அந்த மூட்டை இறுக்கப் பார்த்தார். துருப்பிடித்த ஆணி முறிந்தது. ஒரு சத்தம், பெரிய சத்தமுமில்லை, பிறகு அறை முழுக்க வெள்ளை.

எனக்குத் தெரிந்த ஒரே காரியம் முற்றத்தில் நின்ற அம்மோனியாத் தாங்கியின் வால்வு. அதன் பக்கத்தில் உணரி ஒட்டியவள் நான்தான். ஓடிப்போய்ச் சில்லைச் சுற்றினேன். இறுகியிருந்தது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு சுற்றினேன். பூட்டிவிட்டுத் திரும்பினால், ஜெசிந்தாவும் இன்னும் இருவரும் நண்டு கழுவும் தொட்டியில் துவாய்களை முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு கதவுக்குள் பாய்ந்துவிட்டார்கள். வாசலுக்குக் கிட்டத் தவழ்ந்து வந்துகொண்டிருந்தவரைத் தோளில் பிடித்து இழுத்து வந்து தொட்டியோரம் போட்டார்கள்.

"கண்ணை முழிச்சு வைச்சிருங்கோ அண்ணை! முழியுங்கோ! தண்ணி ஊத்துங்கோடி!"

வாளி வாளியாக ஊற்றினார்கள். நான் அவருடைய இமைகளை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மாதாவைக் கூப்பிட்டார், பிறகு மனைவியைக் கூப்பிட்டார். தவராசா சேர் வாகனத்துக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வாகனத்தைத்தான் கேட்டோம். சேருக்கு விளங்க நேரம் எடுத்தது. ஜெசிந்தா கதவைத் திறந்து அவரைக் கையில் பிடித்து இறக்கிவிட்டாள்.

அண்ணை பிழைத்தார். இடது கண் போய்விட்டது, வலதில் பாதி வெளிச்சம் மிச்சம். அந்த மூட்டு இன்னொரு நாள், முப்பது பேர் உள்ளே இருக்கையில் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று விசாரணைக் குழுவுக்கும் தெரிந்திருந்தது. அறிக்கையில் எழுதினார்கள்: "பிரதிப் பணிப்பாளரின் நேரடிப் பிரசன்னத்தில் பாரிய அனர்த்தம் தவிர்க்கப்பட்டது." பொய்யில்லை. பிரசன்னமாகித்தான் இருந்தார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வார இறுதியில் அரச சொத்தை உடைமையில் வைத்திருந்தது, திங்கட்கிழமை கந்தோருக்கு வராதது, அதிகாரமின்றித் தொழிலாளர்களைத் தூண்டியது. முதலிரண்டும் உண்மை என்றும், மூன்றாவதைப் பற்றித் தொழிலாளர்களைத்தான் கேட்க வேண்டும் என்றும் பதில் எழுதினேன். ஒருவரும் போய் அவர்களைக் கேட்கவில்லை.

குழாய் மாற்றினார்கள். பலகை திரும்ப அடிக்கப்படவில்லை. ஆலை தயார், வேலைக்கு வாருங்கள் என்று மனேச்சர் ஆளனுப்பினார். பெண்கள் வரவில்லை. பின்சுவரில் இன்னொரு கதவு வைக்காமல் உள்ளே கால் வைக்கமாட்டோம் என்றார்கள். மனேச்சர் பக்கத்து ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்களும் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, கதவு எங்கே என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் மேசனைக் கூப்பிட்டு, சுவரை உடைத்து, வெளிப்பக்கம் திறக்கும் அகலக் கதவு ஒன்று போட்டார்கள்.

போட்ட கதவைச் சும்மா திறந்தால் அது கந்தோர் ஆகாதே. பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா கட்டினார்கள். தவராசா சேர் பிரதம விருந்தினர். எனக்கு அழைப்பு இல்லை, மாதாந்த வாசிப்பு என்று சொல்லிக்கொண்டு போனேன். அந்தோனிப்பிள்ளை அண்ணைக்கும் அழைப்பு இல்லை. கறுப்புக் கண்ணாடியோடு மதிலோரம் நின்றார், மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, கதைக்க மாட்டியளோ?" என்றார் என் சத்தத்தைக் கேட்டுவிட்டு. அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மேடையில் உரைகள் நீண்டன. நண்டுப் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. வெயில் பெட்டிகளில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டத்தில் கத்திரிக்கோல் வந்தது. சேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பாதுகாப்புக் கலாசாரம் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை பேசத் தொடங்கினார்.

ஜெசிந்தா எழும்பினாள். நேரே எங்களிடம் வந்தாள். அண்ணையின் கையைப் பிடித்தாள்.

"வாங்கோ அண்ணை, கதவு எப்பிடியெண்டு பாப்பம்."

"எனக்கென்ன தெரியப்போகுது பிள்ளை."

"தடவிப் பாருங்கோவன்."

அவரைக் கூட்டிக்கொண்டு பந்தலுக்குள்ளால் போனாள். பின்னால் வாளிகளோடு பெண்கள். சேர் கதவை மறித்து நின்றார்.

"கொஞ்சம் விலகுங்கோ சேர், நண்டு பழுதாப் போம்."

சேர் விலகினார். அவள் நாடாவைத் தலைக்கு மேலால் தூக்கப் பார்த்தாள். சரிவரவில்லை. பிடித்து இழுத்தாள், ஆணியோடு வந்தது. அதைச் சுருட்டித் தன் வாளிக்குள் போட்டாள். அண்ணை முதலில் உள்ளே போனார். கதவுநிலையை மேலிருந்து கீழ்வரை தடவி, அகலத்தைக் கையால் அளந்து, "ரெண்டு பேர் சேர்ந்து ஓடலாம்," என்றார். அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் போனார்கள்.

உள்ளே நண்டு ஓடு உடையும் சத்தம் தொடங்கியது. சேர் கத்திரிக்கோலோடு வெளியே நின்றார். புகைப்படக்காரர் எங்கே பிடிப்பது என்று அவரைக் கேட்டார்.